விமானத்துக்கு வம்சம் விசாரித்த ருக்னுதீன் பாய்

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ருக்னுதீன் பாயைத் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். அவருக்குத் தெரியாதவர் என்று ஒருவர் இருக்க முடியாது. புது ஆள் அவருடைய சாப்பாட்டுக் கடைக்குள் வந்து ரொட்டி சானாய் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். ரொட்டி வருவதற்குள் அவருடைய ஊர், அத்தா பெயர், அத்தாவின் அத்தா பெயர், அவர் செய்த தொழில், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை பாய் கறந்துவிடுவார். இதில் இன பேதம் கிடையாது. எதிரே கைப்பேசிக் கடை வைத்திருக்கும் சீனருடைய தாத்தா மூவாரில் சோயா சாஸ் காய்ச்சியவர் என்பது பாய் சொல்லித்தான் அந்தச் சீனருக்கே தெரியும்.

இதைச் சும்மா ஊர்வம்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஜமாஅத்தில் இது ஒரு பதவி மாதிரி. பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிறவர்கள், பையனுக்குப் பெண் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பாய் கடைக்கு வந்து நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடிப்பார்கள். பாய் கல்லாவுக்குக் கீழேயிருந்து நீல அட்டை போட்ட நீள நோட்டை எடுப்பார். பூர்வீக ஊர், பாட்டனார், தொழில், நடத்தை, முடிவு என்று ஐந்து வரிகள் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும். பினாங்கிலிருந்து இராமநாதபுரம் வரை நாலு பேருக்குப் போன் போடுவார். மூன்றாம் நாள் "முடிவு" என்ற வரியில் "கட்டலாம்" அல்லது "வேண்டாம்" என்று எழுதிவிடுவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்படி ஊருக்கே உபகாரமாக இருந்தவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று நோட்டை மூடி வைத்துவிட்டார். கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்றார். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற காரின் நம்பரைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே படிக்கிற மனுஷர் அவர்.

இந்த வருஷம் அவருக்கு அறுபத்தேழு. அவருடைய மனைவி ஜஹானாரா, வாழ்நாளில் ஒருமுறையாவது புருஷனோடு சேர்ந்து மக்காவுக்குப் போய் உம்ரா செய்ய வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், போன மாதம் சொல்வதை நிறுத்திவிட்டு, பயண ஏஜெண்ட் சயீதிடம் நேரே போய் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டார். பாய்க்கு இந்தச் செய்தி, சயீத் கடைக்கு வந்து விண்ணப்பப் பாரத்தை நீட்டியபோதுதான் தெரிந்தது.

"நான் போயிட்டா கடையை யாரு தம்பி பாக்குறது?" என்றார் பாய்.

அடுப்படியிலிருந்து அவர் மகன் அக்பர் தலையை நீட்டினான். "அஞ்சு வருஷமா நான்தானே அத்தா பாக்குறேன். நீங்க உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க."

"முட்டி வலி இருக்கே."

"வீல்சேர் பேக்கேஜுக்குள்ளயே வருது பாய். தள்ளிவிட ஆளும் உண்டு" என்றார் சயீத்.

பாஸ்போர்ட் இல்லை என்று மட்டும் சொல்ல வழியில்லை. ஜொகூர் பாருவில் அந்தப் பொய் எடுபடாது. மாதத்துக்கு இரண்டு தடவை பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் மைத்துனர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர் அவர்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது. ருக்னுதீன் பாய்க்கு விமானம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை, குலைநடுங்குகிற பயம். பதினேழு வயதில் அவர் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தார். கல்யாணத்துக்குக் கப்பலில் போனார். ஜஹானாராவைக் கப்பலில் கூட்டி வந்தார். அதன் பிறகு அந்தக் கப்பல் ஓடுவது நின்றுபோனது. அன்றோடு பாயின் பயணமும் நின்றது. தன் உம்மாவின் மரணத்துக்கும் தங்கை மகள்கள் கல்யாணத்துக்கும் ஜஹானாரா நாலு தடவை தனியாகப் பறந்து போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் பாய் சொன்ன காரணம் ஒன்றே: கடை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தபோது ஈரச் சாக்கைப் போட்டு அணைத்த தைரியசாலி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கப் போகிற விமானம் கடைக்கு மேலே தாழப் பறந்தால் குழம்பில் உப்புப் பார்க்க உள்ளே போய்விடுவார். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவர் காதே கேட்டதில்லை.

மூன்று சாக்கும் போனபின் பாய் தாடியைத் தடவினார்.

"சரி தம்பி. எந்த விமானம்?"

சயீத் ஏர்லைன் பெயரைச் சொன்னார்.

"அது ஓட்டுறவன் பேரு. செஞ்சவன் யாரு? எந்தக் குடும்பம்? அவன் அத்தா என்ன பண்ணினாரு?"

"பாய், நான் டிக்கெட் போடுறவன் லா."

"பொண்ணு கட்டிக் குடுக்குறதுக்கே பாட்டன் வரைக்கும் பாக்குறோம். உயிரைக் கட்டிக் குடுக்கப் போறோம், விசாரிக்க வேணாமா?" என்றார் பாய். கூட வந்திருந்த ஜஹானாராவின் முகத்தில், இது இன்னொரு சாக்கோ என்று ஓடிய சந்தேகத்தைச் சயீத் மட்டும்தான் கவனித்தார்.

விசாரிக்க ஆள் வீட்டிலேயே இருந்தது. அக்பரின் மனைவி நுஸ்ரத், செனாயில் விமான உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலை ஷிப்டு. மாலை நாலு மணிக்குக் கடைக்கு வந்து கணவனோடு ஒரு தே குடித்துவிட்டு வீட்டுக்குப் போவாள். கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில் மாமனாரும் மருமகளும் பேசிய பேச்சை எல்லாம் ஒரு சின்னத் தட்டில் வைத்துவிடலாம். வந்தியாம்மா, வந்தேன் மாமா, சாப்பிட்டியா, ஆச்சு மாமா. மரியாதைக்குக் குறைவில்லை. மரியாதைக்கு மேலேயும் ஒன்றுமில்லை.

அன்று பாய் அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னதும் அக்பர் கையிலிருந்த ரொட்டி மாவு தரையில் விழுந்தது.

"ஏம்மா, உங்க பேக்டரி விமானம் செய்யுதுதானே?"

"விமானம் இல்ல மாமா. றெக்கைக்குள்ள வர்ற ஒரு பிராக்கெட். உள்ளங்கை அளவுதான். நான் அதை அளந்து பாத்து சரியா தப்பான்னு சொல்லணும்."

"அப்ப உனக்கு அந்தக் குடும்பங்களைப் பத்தித் தெரிஞ்சிருக்கும். இந்த விமானத்தை எல்லாம் ஆரம்பத்துலேர்ந்து யார் யாரு செஞ்சாங்க, என்ன ஆளுங்கன்னு விசாரிச்சு எழுதிக் குடு. எனக்குக் கண்ணு சரியில்ல." கல்லாவுக்குக் கீழேயிருந்து நீல நோட்டை எடுத்து நீட்டினார். "எப்படி எழுதணும்னு தெரியலைன்னா முந்தின பக்கத்தைப் பாத்துக்க. அதே மாதிரி அஞ்சு வரி."

நுஸ்ரத் நோட்டை வாங்கிக்கொண்டாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்ஜினியர்களைக் கேட்டாள், நூலகத்தில் புத்தகம் எடுத்தாள், இணையத்தில் தேடினாள். மறுநாள் நாலு மணியிலிருந்து கடையில் விசாரணை ஆரம்பமானது. அக்கம்பக்கத்து மேசைக்காரர்களும் தே கிளாஸைத் தூக்கிக்கொண்டு கல்லாப் பக்கம் வந்துவிட்டார்கள்.

முதல் சம்பந்தம் ரைட் சகோதரர்கள். "சைக்கிள் கடை வச்சிருந்தாங்க மாமா. அவங்க அத்தா சர்ச்சுல பெரிய பொறுப்புல இருந்தவரு."

"மார்க்கப் பற்றுள்ள குடும்பம். சைக்கிள் கடை கௌரவமான தொழில். பிள்ளைகுட்டி?"

"ரெண்டு பேரும் கல்யாணமே பண்ணிக்கல."

பாயின் முகம் மாறிவிட்டது. "ரெண்டு பேருமேவா? பொறுப்பு எங்கேர்ந்து வரும்?"

"ரெண்டு பேரும் ஒண்ணா ஏறக் கூடாதுன்னு அத்தாகிட்ட வாக்குக் குடுத்திருந்தாங்களாம். ஒருத்தருக்கு ஏதாவது ஆனா இன்னொருத்தராவது மிஞ்சணும்னு. ஒரே ஒரு தடவைதான் அவர் சம்மதத்தோட சேர்ந்து பறந்தாங்க."

"பெத்த அத்தாவே நம்பலை பாரு!" என்று பாய் மேசையைத் தட்டினார். அதே நாளில் எண்பது வயது தாண்டிய அந்த அத்தாவும் ஏறிப் பறந்தார், இன்னும் மேலே போ, இன்னும் மேலே போ என்று மகனை விரட்டினார் என்று நுஸ்ரத் சொன்னதைப் பாய் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாத செய்திக்குக் காது கொடுக்காத வித்தை அவருக்குக் கைவந்த ஒன்று.

அடுத்தவர் பிரெஞ்சுக்காரர் பிளேரியோ. கார் விளக்கு வியாபாரம். வியாபாரி என்றதும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். பறக்கப் பழகும்போது எத்தனையோ தடவை விழுந்து எழுந்தார், இங்கிலாந்துக்குக் கடலைத் தாண்டின அன்றைக்குக்கூடக் காலில் கட்டோடுதான் ஏறினார் என்றதும் மறுபடியும் சாய்ந்துவிட்டார். "விழுந்தவனைப் பாராட்டலாம்மா. அவன் கூட ஏறக் கூடாது."

ஃபோக்கர் என்பவர் ஜாவாவில் காப்பித் தோட்டக்காரருக்குப் பிறந்தவர் என்று தெரிந்தபோது கடையே பரபரப்பானது. ஜாவா என்றால் அடுத்த வீடு. தோட்டத்தில் பிறந்தவர் என்றால் நம்ம ஆள். சாஆ என்ற ஊரில் தோட்டத்தில் பிறந்து இங்கே லோரி ஓட்டுகிற கனகராஜ், "பாய், இவரையே முடிச்சிருங்க" என்று சிபாரிசே செய்தார். ஆனால் முதல் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து ரயில் ரயிலாக விமானச் சாமான்களை யாருக்கும் தெரியாமல் ஹாலந்துக்குக் கடத்திக்கொண்டு போனார் என்று நுஸ்ரத் வாசித்தாள். பாய் வருத்தத்தோடு தலையாட்டினார். கெட்டிக்காரன்தான், ஆனால் சம்பந்தம் செய்ய முடியாது என்றார். யுங்கர்ஸ் வெந்நீர்க் கொதிகலன் செய்தவர் என்பதால், கொதிகலனோடு முப்பது வருஷம் மாரடித்த பாய் அவரையும் கும்பிடு போட்டு ஒதுக்கிவிட்டார். கொதிகலனைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது.

கடைசியில் போயிங் வந்தார். சயீத் போட்டிருந்த டிக்கெட்டும் அவர் கம்பெனி விமானத்துக்குத்தான். மரவியாபாரி. சொந்தமாக வாங்கின விமானம் பழுதாகி, சாமான் வந்துசேரத் தாமதமானதால், இதைவிட நல்லதாக நாமே செய்வோம் என்று படகுக் கொட்டகையில் ஆரம்பித்தவர். போர் முடிந்து விமானம் விற்காத காலத்தில் கட்டில், அலமாரி, மேசை என்று மரச்சாமான் செய்து விற்றாவது ஆட்களை வேலையில் வைத்துக்கொண்டவர்.

கோவிட் ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது காரின் பின்பக்கம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வைத்துத் தெருத்தெருவாக விற்று, ஒரு ஆளைக்கூட வீட்டுக்கு அனுப்பாதவர் பாய். "இவன் மனுஷன்மா. எழுது, கட்டலாம்" என்றார். கடையில் கைதட்டல். ஜஹானாராவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அன்றிரவே அவர் பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாராம்.

நாலு நாள் கழித்துச் சயீத் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"பாய், சின்ன சேஞ்சு. விமானம் மாறிடுச்சு. இப்ப ஏர்பஸ்."

"யாரு அவரு? அத்தா பேரு?"

சயீத் நுஸ்ரத்தைப் பார்த்தார். நுஸ்ரத் நோட்டைப் பார்த்தாள். "அது ஆள் பேரு இல்ல மாமா. பிரான்சு, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின்னு நாலு நாட்டுக் கம்பெனி சேர்ந்து நடத்துறது. றெக்கை ஒரு நாட்டுல, வாலு ஒரு நாட்டுல செய்வாங்க. அந்தத் துண்டை எல்லாம் இன்னொரு பெரிய விமானத்தோட வயித்துல வச்சு ஒரே எடத்துக்குக் கொண்டாந்து சேர்ப்பாங்க."

பாய் எழுந்தே விட்டார். "பங்காளிக் கடை!"

பங்காளிக் கடை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வாலிபத்தில் மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து தம்போயில் கடை போட்டு, சாம்பாரில் புளி எவ்வளவு போடுவது என்பதில் ஆரம்பித்த தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர். நாலு பேர் சேர்ந்தால் சாம்பாரே வைக்க முடியாது, இதில் ஆகாயத்தில் பறக்கிறதைச் செய்கிறார்களாம். அத்தா பெயர் இல்லை, பாட்டனார் இல்லை, சொந்த ஊர் என்று ஒன்றும் இல்லை. "முடியாது தம்பி. பேரை அடிச்சிரு" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிம்மதி ஒளித்து வைக்க முடியாத அளவுக்குப் பெரிசு.

வீட்டில் ஜஹானாரா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பாய் சமாளித்திருப்பார். உம்ராவில் உடுத்த இரண்டு பேருக்கும் எடுத்த வெள்ளை உடை கட்டிலில் கிடந்தது. பாயின் இஹ்ராம் துணியை மட்டும் மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போட்டார். "நான் தனியாவே போயிட்டு வரேன். பழக்கம்தானே" என்றார். பாய்க்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். தான் செய்தது நியாயம்தான் என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள, பாய் நீல நோட்டை எடுத்துப் புரட்டினார். போயிங், யுங்கர்ஸ், ஃபோக்கர், பிளேரியோ, ரைட் என்று பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாக வந்தார். நுஸ்ரத்தின் முத்து முத்தான கையெழுத்து. அதற்கு முந்தின பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அது அவருடைய கையெழுத்து. ஆறு வருஷத்துக்கு முந்தியது, நோட்டை மூடுவதற்கு முன் எழுதின கடைசி விசாரணை. மேலே "நுஸ்ரத், காஹாங்" என்று இருந்தது. பூர்வீக ஊர்: தெரியவில்லை. பாட்டனார்: தெரியவில்லை. தொழில்: அத்தா தோட்டத்து லோரி டிரைவர். நடத்தை: கேள்விப்பட்ட வரை நல்லது. முடிவு: வேண்டாம்.

அக்பர் அந்த முடிவைக் கேட்கவில்லை. ஜஹானாராவும் மகன் பக்கம் நின்றார். கல்யாணம் நடந்தது, பாயும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். அப்பீல் இல்லாத தீர்ப்பு சொந்த வீட்டிலேயே செல்லாமல் போனதால்தான் நோட்டை மூடினார். மூடின நோட்டில் கடைசிப் பக்கம் யாருடையது என்பதை அடியோடு மறந்தும் போனார். முந்தின பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி எழுது என்று அவளிடமே கொடுத்தது அவர் கைதான்.

பக்கத்தில் அவருடைய எழுத்து மட்டும் இல்லை. "பூர்வீக ஊர்: தெரியவில்லை" என்பதற்குப் பக்கத்தில் நீல மையில், நுஸ்ரத்தின் கையெழுத்தில், "பரங்கிப்பேட்டை" என்று இருந்தது. "பாட்டனார்: தெரியவில்லை" என்பதற்குப் பக்கத்தில், "முகமது காசிம். பதினைந்து வயதில் தனியாக வந்தவர். தோட்டத்துக்கு உரம் தூவும் சின்ன விமானத்தில் உர மூட்டை ஏற்றும் வேலை" என்று இருந்தது. முடிவை அவள் தொடவில்லை. வேண்டாம் என்பது வேண்டாம் என்றே இருந்தது. அதற்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தாள். "காரணம்:" என்று எழுதிவிட்டு, எதிரே காலியாக விட்டிருந்தாள்.

இதை எழுதிவிட்டுத்தான் அவள் இரண்டு வாரமாகத் தினமும் நாலு மணிக்கு வந்து, கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரார் பாட்டன்மார்களைப் பற்றி அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பாய்க்குக் காது சூடாகிவிட்டது. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம் என்று அறுபத்தேழு வயதில் தெரிந்தது. சயீதுக்குப் போன் போட்டு, "தம்பி, பேரை அடிக்காதே. வரேன்" என்று மட்டும் சொன்னார்.

உம்ராவுக்குப் போகிறவர் கிளம்புவதற்கு முன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் பொறுத்துக்கங்க என்று கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். பாய் இதை மும்முரமாகச் செய்தார். கறிக்கடைக்காரர், சீனர், கனகராஜ், பழைய பங்காளிகள் மூவரில் உயிரோடு இருக்கிற இருவர் என்று ஒருவரையும் விடவில்லை. வேலையை விட்டுப்போன ரொட்டி மாஸ்டரைப் பாசீர் கூடாங் வரை தேடிப் போய்க் கேட்டார். வேண்டாம் என்று தான் எழுதின மாப்பிள்ளைகள் நாலு பேரிடம்கூடக் கேட்டார். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. நுஸ்ரத்திடம் மட்டும் கேட்கவில்லை. நாலு மணி ஆனால் தொழுகைக்கு நேரமாச்சு என்று பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். கிளம்புகிற அன்றும் அவளுக்குக் காலை ஷிப்டு. விடியுமுன்னே, "போயிட்டு வாங்க மாமா, துஆ செய்ங்க" என்று கதவருகே நின்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பாய் சரிம்மா என்றார். அவ்வளவுதான் வந்தது.

கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் நாற்பது பேர். சயீத் மைக்கில் துஆ ஓதிக்கொண்டு வந்தார். பாய்க்கு விசாரிக்க இனி யாரும் இல்லை, சொல்லச் சாக்கு ஒன்றும் இல்லை. பயம் மட்டும் மிச்சம் இருந்தது. செனாய் அறிவிப்புப் பலகை தெரிந்ததும் அவர் எழுந்து நின்று கத்தினார்.

"நிறுத்துங்க! நான் இறங்கணும்!"

ஜஹானாரா அவர் சட்டையைப் பிடித்தார். "இறங்கினா நீங்க திரும்ப ஏற மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

"ஏறுவேன்மா" என்றார் பாய். ஏறுவோமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. நெஞ்சைப் பிடித்தபடி நின்ற அந்தக் கோலத்தைப் பார்த்து டிரைவர் பயந்துபோய் வண்டியைச் செனாய்ப் பக்கம் திருப்பிவிட்டார். பாய் வழி சொல்லச் சொல்ல, பஸ் தொழிற்சாலை வாசலில் போய் நின்றது. இதுவரை எந்த உம்ரா பஸ்ஸும் அங்கே நின்றதாகச் சரித்திரம் இல்லை.

காவல் கூண்டில் ஒரு நேப்பாளி இருந்தார். மருமகளைப் பார்க்க வேண்டும் என்று பாய் மலாயில் சொன்னார். காவலாளி உள்ளே போன் செய்துவிட்டு, வருகைப் பதிவேட்டைத் தள்ளினார். பெயர் எழுதினார், அடையாள அட்டை நம்பர் எழுதினார். அடுத்த கட்டம், வந்த நோக்கம். பாயின் பேனா அங்கே நின்றது. காவலாளி விரலால் கட்டத்தைத் தட்டினார். கடைசியில், "மிந்தா மாஆஃப்" என்று எழுதினார் பாய். மன்னிப்புக் கேட்க. காவலாளி படித்துவிட்டுத் தன்னிடம்தான் கேட்கிறார் என்று எண்ணி, "பரவாயில்லை அங்கிள், பரவாயில்லை" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நுஸ்ரத் நீலக் கோட்டும் தலையுறையுமாக ஓடி வந்தாள். "மாமா! என்னாச்சு? மாமிக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பக்கத்தைப் பாத்துட்டேன்."

எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. "எங்க வேலையில ஒரு துண்டை வேணாம்னு ஒதுக்கினா காரணம் எழுதணும் மாமா. எழுதலைன்னா அது செல்லாது, திருப்பி அனுப்பிடுவாங்க. ஊரும் பேரும் தெரியலைங்கிறது காரணம் ஆகாது. ஒவ்வொண்ணையும் தனியா எடுத்து அளக்கணும்."

"நான் அளக்கலைம்மா" என்றார் பாய். "காரணம்னு ஒண்ணு இருந்தாத்தானே எழுதுறதுக்கு? தெரியாத எடம்னா எனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்ல. உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. இந்த விமானமும் அப்படித்தான். கடை கடைன்னு சொன்னதெல்லாம் பொய்ம்மா. நாப்பது வருஷமா எனக்குப் பயம். என்னைப் பொறுத்துக்க."

நுஸ்ரத் கண்ணைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள். "கோவம் இருந்துச்சு மாமா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இப்ப இல்ல. பொறுத்துட்டேன்." பிறகு சொன்னாள்: "பயப்படாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். அதனாலதான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை அளக்குறேன்."

பாய் அவள் தலையில் கைவைத்து துஆ செய்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. திரும்பினால், பின்னால் ஜஹானாரா நின்றுகொண்டிருந்தார். புருஷன் ஓடிப்போகாமல் பிடிக்க இறங்கி வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் பஸ் கண்ணாடியில் முப்பத்தெட்டு முகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பயமா?" என்றார் ஜஹானாரா.

பாய் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நாலு தடவை தனியா போனேன். உம்மா மௌத்துக்குப் போனப்ப வழி பூரா அழுதேன், பக்கத்துல யாரோ முகம் தெரியாத ஆளு. உங்களுக்கு என்னைவிடக் கடைதான் பெருசுன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு யாரு சொன்னா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போமே."

டிரைவர் ஹாரன் அடித்தார். ஜஹானாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயின் கையை இறுகப் பிடித்து பஸ்ஸை நோக்கி நடந்தார். பாய் கையை விடவில்லை. இருவரும் ஏறினார்கள்.